வேலி தாண்டி வந்த சாம்போய்

கலிஃபோர்னியாவின் டப்ளினில் நாங்கள் இந்த வீட்டை வாங்கியபோது, பின்புறம் ஒரு பிளம்ஸ் மரம் இருப்பதைப் பெரிய வரம் போலச் சொன்னார் ஏஜென்ட். என் கணவர் அதை அப்படியே நம்பினார். நான் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதையெல்லாம் யாருங்க கூட்டறது?" என்று கேட்டேன். அவர் அதற்குள் ஏஜென்ட் பின்னால் உள்ளே போய்விட்டார்.

அந்த மரம் காய்ப்பதில் ஒரு நிதானமே கிடையாது. வருஷம் முழுக்கச் சும்மா நிற்கும். ஜூன் மாதம் வந்தால் ஒரே வாரத்தில் அத்தனையும் பழுத்துத் தரையில் விழுந்து உடையும். சிமெண்ட் தளமெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் கறை. அதில் எறும்பு, குளவி. அணில் வந்து ஒரு கடி கடித்துவிட்டுக் கீழே போடும், அதற்கே பிடிக்கவில்லை. தோல் அவ்வளவு புளிப்பு. முதல் வருஷம் நான் மூன்று வார இறுதிகளை அந்தத் தளத்தைத் தேய்ப்பதில் கழித்தேன். என் கணவர் நீளக் கம்பு ஒன்றை ஆன்லைனில் வாங்கினார். நுனியில் கூடை வைத்த கம்பு. ஒரே ஒரு சனிக்கிழமை அதைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றார். பிறகு கழுத்து வலிக்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

"வெட்டிடலாங்க" என்றேன்.

"காய்க்கற மரத்த வெட்டுவாங்களா? என்ன பேசற நீ?"

அவர் ஈரோட்டுப் பக்கம் விவசாயக் குடும்பம். மரம் என்றால் உருகுவார். கூட்டுவது மட்டும் வேறு யாராவது செய்யவேண்டும்.

இரண்டாம் வருஷம் மே மாதத்தில், ஒரு நாள் மாலை நான் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டிருந்தேன். மர வேலிக்கு மேலே திடீரென்று ஒரு தலை எழும்பியது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி. ஏதோ முக்காலியின் மேல் ஏறி நின்றிருந்தார். பிலிப்பைன்ஸ்காரர். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அதுவரை அவரோடு கை அசைப்பதைத் தாண்டிப் பேசியதில்லை. நாங்கள் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில்தான். ஆனால் அவர் பேச்சை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அது எனக்குத் தமிழில்தான் கேட்கிறது. என்னை "அனாக்" என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் மொழியில் பிள்ளை என்று அர்த்தமாம்.

"அனாக், உங்க மரத்துல இருந்து கொஞ்சம் காய் எடுத்துக்கட்டுமா? பழுத்தது வேண்டாம். பச்சைக் காய்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "கொஞ்சம் என்ன ஆன்ட்டி, மரத்தையே எடுத்துக்கோங்க" என்றேன்.

அடுத்த நாளே ஆன்ட்டியும் அங்கிளும் வாளிகளோடு வந்தார்கள். அங்கிள் கப்பலில் வேலை பார்த்தவர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஏணியில் ஏறியது என்னவோ அவர்தான். என் கணவர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, "கேர்ஃபுல் அங்கிள், கேர்ஃபுல் அங்கிள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இருவரும் மரத்தைப் பாதி காலி செய்து, விழுந்த இலைகளையும் கூட்டிவிட்டுப் போனார்கள். அந்த ஜூனில் தரையில் விழுந்தது பாதிதான். இப்படிப்பட்ட அண்டை வீட்டுக்காரர்கள் கிடைக்க என்ன புண்ணியம் செய்தோமோ என்று நினைத்தேன்.

ஜூலையில் முதல் ஜாடி வந்தது.

மூடி போட்ட கண்ணாடி ஜாடி. உள்ளே கறுப்பாக, சுருங்கி, மேலே சர்க்கரையோ உப்போ தெரியாத ஒரு பூச்சோடு, உருண்டை உருண்டையாக ஏதோ இருந்தது. "சாம்போய்" என்றார் ஆன்ட்டி. காயை வாரக்கணக்கில் உப்பில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, பிறகு அதிமதுரம் போட்ட சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, மறுபடியும் காயவைப்பார்களாம். அவர் ஊரில் வேறு பழத்தில் செய்வது. இங்கே எங்கள் பிளம்ஸில் செய்திருக்கிறார். "உங்க மரம், அதனால முதல் ஜாடி உங்களுக்குத்தான்."

அவர் பார்த்துக்கொண்டே நின்றதால் ஒன்றை வாயில் போட்டேன். முதலில் உப்பு. சாதாரண உப்பில்லை, மாவடு ஜாடியின் அடியில் தங்குமே அந்த உப்பு. காது மடல் வரைக்கும் கூசியது. அதற்குப் பிறகு புளிப்பு. அதுவும் போன பிறகு, ரொம்ப நேரம் கழித்து, இருமல் மருந்தின் வாசனையோடு ஒரு இனிப்பு. நடுவில் கல் மாதிரி கொட்டை. துப்புவதா, வைத்திருப்பதா? "ரொம்ப வித்தியாசமா இருக்கு ஆன்ட்டி" என்றேன், கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு. பொய் இல்லை.

என் கணவர் ஒன்றைப் பாதி கடித்துவிட்டு, "எலந்த வடைய யாரோ கடல்ல போட்டு எடுத்த மாதிரி இருக்குது" என்றார். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் வாயில் போட்டதுமே பேப்பர் டவலைத் தேடினாள். "அம்மா, நோ. ஜஸ்ட் நோ" என்றாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பதில் வருவது இப்படித்தான்.

ஜாடி அலமாரிக்குள் போனது. பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. உள்ளே இருப்பதை ஒரு ஜிப்லாக் பையில் கொட்டிவிட்டு, ஜாடியைக் கழுவி வைத்தேன். திருப்பிக் கொடுக்கவேண்டும். காலியாக எப்படிக் கொடுப்பது? எங்கள் வீட்டில் பக்கத்து வீட்டுக் கிண்ணம் காலியாகத் திரும்பிப் போய் நான் பார்த்ததே கிடையாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பார்கள். யாரும் எனக்கு இதை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் காலி ஜாடியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போன என் கால் அதற்கு மேல் நகரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ப்பால் முறுக்கு சுட்டு, ஜாடி நிறைய அடுக்கிக் கொடுத்தேன்.

மூன்றாவது நாள் ஜாடி சாம்போயோடு திரும்பி வந்தது. அவர்கள் ஊரிலும் இதே வியாதி போலிருக்கிறது.

ஆகஸ்டில் ரவா லட்டு செய்தேன், தட்டுவடை செய்தேன், கடலை உருண்டை பிடித்தேன். என் வேலை பாதி நாள் ஆபீஸில், பாதி நாள் வீட்டிலிருந்து. சாஃப்ட்வேர் ரிலீஸ் சமயத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் எனக்கு மூச்சுவிடக் கிடைக்கும் நாள். அதையும் அடுப்பு முன்னால் நின்று கழித்தேன். வீட்டில் தின்ன ஆளில்லாத ஒரு மிட்டாய் மேலும் மேலும் வருவதற்காக நானே பாடுபட்டு லட்டு பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தும் செய்தேன். பக்கத்து வீட்டு கராஜில் மண்ஜாடிகளில் எங்கள் மரத்தின் காய் பாதி ஊறிக்கொண்டிருந்தது. ஆன்ட்டிக்குச் சரக்குத் தட்டுப்பாடே இல்லை.

ஜாடி எப்போதும் நான் மீட்டிங்கில் இருக்கும்போதுதான் வரும். காலிங்பெல் அடிக்கும். போனில் வாசல் கேமராவைப் பார்ப்பேன். ஆன்ட்டியின் முகம், முகத்துக்கு முன்னால் ஜாடி. ஒரு தடவை மைக்கை மியூட் செய்ய மறந்து, "ஐயோ, மறுபடியுமா!" என்று கத்திவிட்டேன். அப்போது எங்கள் மேனேஜர் வெளியீட்டுத் தேதி தள்ளிப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் அதற்குத்தான் நான் கத்தினேன் என்று நினைத்து, இரண்டு பேர் எனக்கு ஆதரவாகப் பேசினார்கள்.

நாசூக்காகச் சொல்லிப் பார்த்தேன். "ஆன்ட்டி, இவ்வளவு எதுக்கு? உங்களுக்குச் சிரமம்" என்றேன். "சிரமமா? உனக்குச் செய்யறதா?" என்று என் கன்னத்தைத் தட்டினார். அடுத்த தடவை ஜாடியோடு ஒரு சின்ன டப்பாவும் வந்தது, மகளுக்குத் தனியாக.

அன்று இரவு சாப்பிடும்போது என் கணவர் சொன்னார், "இவ்வளவு பொலம்பறதுக்கு பிடிக்கலைன்னு சொல்லிட வேண்டியதுதான?"

"நீங்க சொல்லுங்களேன்."

"எனக்கெதுக்கு வம்பு? நீங்க லேடீஸ் பேசிக்கோங்க."

சரி, அவர் சொல்லவேண்டாம். சும்மா இருந்திருக்கலாம் அல்லவா? அந்த சனிக்கிழமை அவர் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது, ஆன்ட்டி வேலிக்கு மேலே தலையை நீட்டி, மிட்டாய் எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேட்டிருக்கிறார். நான் சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டேன், என் காதாலேயே கேட்டேன். அந்த மனிதர் ஹோஸ் பைப்பைப் பிடித்தபடி, "வெரி டேஸ்டி ஆன்ட்டி! வெரி வெரி டேஸ்டி!" என்றார்.

அடுத்த வாரம் ஊறுகாய் ஜாடி அளவில் ஒன்று வந்தது.

"உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்குதாங்க?" என்றேன்.

"பின்ன? மூஞ்சிக்கு நேரா கேக்கறாங்க. வேற என்ன சொல்றது?"

ஆபீஸுக்குக் கொண்டுபோய் லஞ்ச் மேஜையில் வைத்தேன். யாரோ ஒருவர் கொட்டையைக் கடித்துவிட்டுப் பல்லைப் பிடித்துக்கொண்டார். மாலையில் நானே திருப்பி எடுத்துவந்தேன். நவராத்திரிக்கு வந்தவர்களுக்குத் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். அதற்கு மட்டும் மனம் வரவில்லை.

அக்டோபரில்தான் ஒரு விடிவு பிறந்தது. எங்கள் தெருக்கோடியில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம். அந்த வீட்டுக்காரர் சிவில் என்ஜினியர். அவர் மனைவி டாக்டர். இருவரும் என்னைவிடச் சின்னவர்கள், என்னை அக்கா என்பார்கள். அன்று எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். அவர் சிகரெட்டை விட முயன்றுகொண்டிருந்த நேரம். முயன்றுகொண்டிருந்தார் என்பதைவிட, அவர் மனைவி முயன்றுகொண்டிருந்தார் என்று சொல்லவேண்டும். சூயிங்கம், கையில் ஒட்டும் பேட்ச் எல்லாம் ஆகிவிட்டது. சாப்பாடு முடிந்ததும் "ஒரு கால் வருது" என்று போனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போவார். போன் அடித்திருக்காது.

அன்றும் எழுந்தார். வழியில் சமையல் மேடைமேல் இருந்த ஜாடியைப் பார்த்தார்.

"இதென்ன அக்கா, கறுப்பாய்க் கிடக்கு?"

"சாப்பிட்டுப் பாருங்க. ஆனா எங்கள திட்டக்கூடாது" என்றேன்.

வாயில் போட்டார். முகம் சுருங்கியது. துப்பப்போகிறார் என்று நான் பேப்பர் டவலைக் கிழித்தேன். அவர் துப்பவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். கன்னத்தில் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று ஒதுக்கிக்கொண்டு, நாங்கள் பேசுவதைக் கேட்டபடி, பாயசம் வந்தபோது கையால் வேண்டாமென்று காட்டிவிட்டு, ரொம்ப நேரம் அப்படியே இருந்தார்.

கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, எனக்கு வெளியில போகோணும் எண்டு ஒருக்காக்கூட வரேல்லை. விளங்குதே உங்களுக்கு? ஒருக்காக்கூட" என்றார். "உங்களிட்ட இன்னும் கிடக்கே?"

இன்னும் கிடக்கிறதா! அலமாரியைத் திறந்து காட்டினேன். அவர் வாய் திறந்தபடி நின்றார். எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, அவர் காரில் நானே வைத்தேன். அன்று நான் தூங்கிய தூக்கம் அந்த வருஷத்தில் வேறெந்த நாளும் தூங்கவில்லை.

அவர் காரில் ஒரு டப்பா, ஆபீஸ் மேஜையில் ஒரு டப்பா, சட்டைப்பையில் நாலு. சைட்டுக்குப் போகும்போது மற்றவர்கள் சிகரெட் பற்றவைத்தால் இவர் ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார். அவர் மனைவி எனக்குப் போன் செய்து, "அக்கா, நீங்கள் செய்த உதவிக்கு என்ன சொல்லுறதெண்டே தெரியேல்லை" என்றார். நான் என்ன செய்தேன், தள்ளிவிட்டேன். ஆனால் அதைச் சொல்லவில்லை. இனி ஜாடி வந்தால் வரட்டும், போக ஒரு இடம் இருக்கிறது என்று நிம்மதியாக ரவா லட்டைப் பிடித்து ஜாடியை அனுப்பிவைத்தேன்.

ஜாடி திரும்பி வரவில்லை.

ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரம் போயிற்று. மாதக்கணக்கில் என்ன செய்தும் நிறுத்த முடியாத ஜாடி, எனக்குத் தேவைப்பட்ட நாளிலிருந்து நின்றுவிட்டது. வாசல் கேமராவை நானே எடுத்து எடுத்துப் பார்த்தேன். அமேசான்காரன்தான் வந்தான். வேலிக்கு மேலே தலையும் தெரியவில்லை. தெருவில் பார்த்தால் ஆன்ட்டி கையசைத்துவிட்டு அவசரமாக உள்ளே போனார்.

இதற்குள் தெருக்கோடிக்காரரிடமிருந்து மெசேஜ் மேல் மெசேஜ். "அக்கா, ஸ்டாக் முடியுது." "அக்கா, எட்டுத்தான் மிச்சம்." யூனியன் சிட்டியில் இருக்கும் பிலிப்பினோ கடைக்கு என் கணவரை அனுப்பி, பாக்கெட்டில் விற்கும் சாம்போயை வாங்கிக் கொடுத்தேன். அது வேண்டாமாம். "இது சும்மா இனிப்பு அக்கா. அதில இருக்கிற அந்த உப்பு இல்லை" என்றார். வாழ்நாள் முழுக்கச் சாம்போய் தின்று வளர்ந்தவர் போல ருசி பார்த்துச் சொல்கிறார். கடைசியில் போனிலேயே கூப்பிட்டார். "நாளைக்குள்ள கிடைக்காட்டில் நான் ஒரு பெட்டி வாங்கிப்போடுவன், சொல்லிப்போட்டன்." சிகரெட்டைத்தான் சொல்கிறார். மிரட்டல் எனக்கு!

தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை நானே போய் ஆன்ட்டி வீட்டுக் காலிங்பெல்லை அடித்தேன். கேட்கப் போகிறோம், வெறும் கையோடு எப்படிப் போவது என்று ஒரு டப்பா ரவா லட்டும் எடுத்துக்கொண்டேன்.

அங்கிள்தான் கதவைத் திறந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். உடனே என் கையில் இருந்த டப்பாவைப் பார்த்தார். அவர் கை தானாக நீண்டது. உள்ளேயிருந்து ஆன்ட்டியின் குரல் வந்தது, அவர்கள் மொழியில், ஒரே ஒரு சொல். கை திரும்பிப் போனது.

ஆன்ட்டி என்னைச் சமையலறையில் உட்காரவைத்தார். டப்பாவை வாங்கி, ஃபிரிட்ஜுக்கு மேலே, அங்கிளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தார். பிறகு என் எதிரில் உட்கார்ந்து, பெருமூச்சு விட்டார்.

"அனாக், ஒண்ணு சொல்லணும். நீ கோபப்படக் கூடாது."

"சொல்லுங்க ஆன்ட்டி."

"அவருக்குச் சர்க்கரை ஏறிடுச்சு. ரொம்ப. டாக்டர் என்ன சாப்பிடறீங்கன்னு கேட்டார். இவர் சொல்றார், பக்கத்து வீட்டுப் பொண்ணு உருண்டையா ஒண்ணு தரா, காலைல ரெண்டு, சாயங்காலம் ரெண்டுன்னு." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நான் சர்ச்சுல கொடுத்துப் பார்த்தேன். ஒளிச்சு வச்சேன். கண்டுபிடிச்சுடறார். கப்பல்காரர், எதை எங்க வச்சாலும் கண்டுபிடிப்பார். அப்புறம் யோசிச்சேன். நான் ஜாடி கொடுத்தாதானே நீ ஜாடியை நிரப்பித் தருவ? கொடுக்கறதை நிறுத்திட்டேன்."

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி!"

"எப்படிச் சொல்றது? வேலைக்கும் போயிக்கிட்டு, ஞாயித்துக்கிழமை முழுக்க நின்னு செய்யற. உன் ஜன்னல் வெளிச்சம் எனக்குத் தெரியும். எங்களுக்காகச் செய்யறவகிட்ட வேண்டாம்னு சொல்றதா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. நாலு மாதம். நாலு மாத ஞாயிற்றுக்கிழமை. நான் இங்கே அடுப்பில் நின்று பல்லைக் கடித்திருக்கிறேன். அவர் அங்கே லட்டை ஒளித்துவைக்க இடம் தேடியிருக்கிறார். சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். எங்கள் வீட்டில் யாருக்கும் சாம்போய் பிடிக்கவில்லை என்பதையும், அலமாரியையும், தெருக்கோடியில் ஒருவர் அதனால் சிகரெட்டை விட்டிருப்பதையும், இப்போது அது இல்லாமல் என்னை மிரட்டுவதையும் எல்லாவற்றையும் சொன்னேன்.

ஆன்ட்டியின் முகம் இறுகிவிட்டது. மேஜைமேல் இருந்த துணியை எடுத்து மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார்.

"உன் வீட்டுக்காரர் வெரி டேஸ்டின்னாரே?"

"அரைத் துண்டுகூட அவர் முழுசா சாப்பிடலை ஆன்ட்டி."

"ரெண்டு தடவை சொன்னார்."

"அவர் அப்படித்தான்."

"அவருக்காகத்தான் பெரிய ஜாடி வாங்கினேன்" என்றார் ஆன்ட்டி. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நாங்கள் இரண்டு பேரும் என் கணவரைப் பற்றிப் பேசினோம். பிறகு அங்கிளைப் பற்றிப் பேசினோம். மனம் லேசானது. ஆனால் அவருக்கு வருத்தம் முழுதாகப் போகவில்லை என்று தெரிந்தது. உன் மகளுக்குமா பிடிக்கவில்லை என்று நடுவில் ஒரு தடவை கேட்டார்.

அப்புறம் திடீரென்று நர்ஸாக மாறிவிட்டார். "அந்தப் பையன் எத்தனை வருஷமா பிடிக்கறான்?"

"காலேஜ்ல இருந்தாம்."

எழுந்து கராஜுக்குப் போனார். பெரிய ஜாடி ஒன்றோடு வந்தார். "இது என் தங்கச்சிக்கு வச்சிருந்தது. அவ காத்திருப்பா. எடுத்துட்டுப் போ. ஆனா ஒரு கண்டிஷன்." விரலை நீட்டினார். "ஜாடி எனக்குக் காலியா திரும்பி வரணும். ஒண்ணும் போடக்கூடாது. சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். மிட்டாய் தெருக்கோடிக்குப் போனது. கழுவிய ஜாடி என் சமையல் மேடையில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் கறிவேப்பிலை போடலாமா, அதில் சர்க்கரை இல்லையே என்று நினைப்பேன். சத்தியம் ஞாபகம் வரும். கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, வெறும் ஜாடியைத் தூக்கிக்கொண்டு போனேன். அந்தச் சின்ன தூரம் நடப்பதற்குள், தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று எனக்கு அவ்வளவு கூச்சமாக இருந்தது.

ஆன்ட்டி கதவைத் திறந்தார். ஜாடியை வாங்கினார். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். தலைகீழாகக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார்.

"நிஜமாவே காலியா கொண்டுவந்துட்டியே" என்றார்.

குரலில் ஏமாற்றம். இவரை நான் என்ன செய்வது?

அதற்குப் பிறகு ஜாடிகள் நேராகத் தெருக்கோடிக்கே போக ஆரம்பித்தன. ஆன்ட்டியே நடந்துபோய்க் கொடுப்பார். அந்தப் 'பையனுக்கு' நாற்பது வயது தாண்டிவிட்டது. அவரை வாசலில் நிற்கவைத்து, மூச்சை இழுத்து விடச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டாராம். நான் ஒருவழியாக விலகிவிட்டேன் என்று நினைத்தேன்.

பிப்ரவரியில் ஒரு நாள், மீட்டிங்கில் இருக்கும்போது போன். தெருக்கோடி டாக்டரம்மா.

"அக்கா, உங்கட அந்த முட்டாய்க்குள்ள எவ்வளவு உப்பு எண்டு உங்களுக்குத் தெரியுமே?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் அதைச் செய்யவே இல்லையே."

"இவருக்குப் பிரஷர் ஏறிப் போச்சு. ஒரு நாளைக்கு இருபது முட்டாய் சாப்பிடுறார். இருபது! எனக்கு ஒளிச்சு. கார் சீட்டுக்குக் கீழ கொட்டையள் கிடக்கு. பழைய நாளில சிகரெட் பெட்டி கிடந்த அதே இடத்தில."

"நீங்கதானே எனக்கு நன்றி சொன்னீங்க?"

"அப்ப எனக்கு உப்பு விஷயம் தெரியாது தானே" என்றார். இவர் டாக்டர்!

நான் மீட்டிங்கை விட்டு வெளியே வந்து, ஆன்ட்டியைப் போனில் பிடித்து, இருவரையும் ஒரே லைனில் போட்டேன். அது நான் செய்த தப்பு. நர்ஸும் டாக்டரும் சோடியம், பொட்டாசியம் என்று ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார்கள். பாதியில் ஆன்ட்டி பேச்சை என் பக்கம் திருப்பி, "அவன் இத்தனை சாப்பிடறான்னு நீ ஏன் என்கிட்ட சொல்லலை?" என்றார். டாக்டரம்மா, "அது தானே அக்கா?" என்றார். தின்றவரையும் திட்டவில்லை, செய்தவரையும் திட்டவில்லை. நான் வெறும் வேலிக்கு இந்தப் பக்கம் குடியிருப்பவள்.

இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரு நாளைக்கு இரண்டு மட்டும். ஆன்ட்டி ஒவ்வொரு ஞாயிறும் அந்த வாரத்துக்கு உண்டானதை எண்ணிக் கொடுப்பார். முதல் வாரமே தெருக்கோடிக்காரர் எனக்குப் போன் செய்து, உங்களிடம் பழைய பாக்கெட் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று ரகசியமாகக் கேட்டார். யூனியன் சிட்டியில் வாங்கியது, அப்போது வேண்டாம் என்று சொன்னாரே, அதுதான். நான் போனை வைத்துவிட்டேன்.

இப்போது அவர் பிரஷர் இறங்கிவிட்டது. சிகரெட்டைத் தொட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. அங்கிளின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. எல்லோரும் நலம். டாக்டரம்மா மட்டும் என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை.